இன்றைக்கு எத்தனை கட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் ‘இலக்கைப் பெரிதாக வை’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் போன பயிற்சி மையத்திலும் முதல் நாளே ‘நான் அரசு ஊழியர்’ என்று அட்டையில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். குரூப் 4 தேர்வில் இரண்டு முறை தவறினேன். அப்புறம் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை. புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

அவற்றைத் திரும்ப இறக்க வைத்தது அம்மாவின் பீடி முறம். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் அம்மா ஆயிரத்தை நினைத்து உட்காருவதில்லை. 25 பீடி ஒரு கட்டு. அதைக் கட்டி வைத்துவிட்டு அடுத்த இலையை எடுப்பார். பொழுது சாயும்போது எண்ணினால் 40 கட்டு இருக்கும்.

குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்விகள். 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தொடங்கினேன். 25 கேள்வி ஒரு கட்டு, நாளைக்கு நான்கு கட்டு. முடித்த ஒவ்வொரு கட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு. தப்பாகப் போட்டவை மறுநாள் முதல் கட்டில் மறுபடி வரும்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு நிறைய உறவுக்காரர்கள், சமையல், பாத்திரம். ஐந்து நாள் நோட்டில் ஒரு கோடுகூட இல்லை. முன்பெல்லாம் இப்படி விட்டுப்போனால், விட்டதையெல்லாம் ஒரே ராத்திரியில் பிடிக்கப் பார்ப்பேன். முடியாது. அதோடு படிப்பும் நின்றுபோகும். இந்த முறையும் விடிய விடிய உட்காரப் போனவளை அம்மா தடுத்தார். “நேத்து சுத்தாததையும் சேத்து சுத்தினா விரல்தான் வீங்கும். இன்னிக்குக் கட்டை இன்னிக்குக் கட்டு” என்றார். பிடிக்க நினைத்த 20 கட்டையும் விட்டுவிட்டு, அன்றைக்கு உரிய நான்கை மட்டும் முடித்தேன். மூன்றாம் முறை எழுதியதில் வேலை கிடைத்தது. இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன்.

இதை எழுதக் காரணம், எங்கள் பக்கத்தில் நன்றாகப் படிக்கிற பெண்கள் ஒரு தேர்வில் தவறினாலே வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெற்றோரைக் கையெடுத்துக் கேட்கிறேன், ‘வேலை எப்போ வரும்?’ என்று தினமும் கேட்டு அவர்களை நோகடிக்காதீர்கள். அது அந்தப் பெண்ணின் கையில் இல்லை. இன்றைக்கு எத்தனை கட்டு என்று கேளுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்வாள். பயிற்சி மையத்தினரும் சுவரில் ஒட்டும் அட்டைக்குப் பதில் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுக்கலாம்.

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி போன தேர்வில் தவறிவிட்டு, இரண்டு மாதமாகப் புத்தகத்தைத் தொடவில்லை. என் பழைய நோட்டின் மீதிப் பக்கங்களை அவளிடம் கொடுத்திருக்கிறேன். கணக்கு என்றால் பயமாம், சரி, தனிவட்டியில் தொடங்கு என்றேன். நேற்று மூன்று கோடு போட்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.