வண்டி சாயும்போது விசை எங்கே போகிறது: நண்பருக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள சுந்தரமூர்த்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டாய் என்பதும், அடுத்த கோடையில் மணாலியிலிருந்து லே வரை போகத் திட்டமிட்டிருக்கிறாய் என்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. வண்டி விழுந்தால் என்ஜினைக் காக்க அதன் இரு பக்கமும் மாட்டும் குழாய்க் காப்புகளான கிராஷ் கார்டுகளில், கடையில் காட்டியவற்றுள் எதை மாட்டலாம் என்று கேட்டிருந்தாய். நானும் இதே வண்டிக்குச் சில மாதங்களாக ஒரு கார்டை வரைந்து செய்துகொண்டிருப்பதால் உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. திருச்சியில் கொதிகலன் குழாய்களை வெல்டிங் செய்தே வாழ்நாளைக் கழித்த உன்னிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது.

எந்த வகை விழுகைக்காக இதைச் செய்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நேரும் மோதலில் இந்தக் குழாய்களை நம்பக் கூடாது. நான் மனத்தில் வைத்திருப்பது நின்ற நிலையிலோ நடைவேகத்திலோ வண்டி பக்கவாட்டில் சாய்வதைத்தான். மோரே சமவெளியின் மணலில் முன்சக்கரம் புதைவது, பனி உருகிச் சாலையைக் கடந்து ஓடும் நீரில் கூழாங்கல் உருண்டு கால் வழுக்குவது, இளகிய மண்ணில் சைடு ஸ்டாண்டு இறங்கிவிடுவது போன்றவை அந்தப் பாதையில் யாருக்கும் நேரக்கூடியவை. அவற்றில் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் காயமில்லை. ஆனால் ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தாலோ, என்ஜின் உறையில் கீறல் விட்டாலோ, அந்தப் பாதையின் நடுவிலுள்ள சர்ச்சு என்ற இடத்துக்கு அப்பால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

வண்டியின் எடை 196 கிலோ. உன் பெட்டிகளையும் சேர்த்து 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து நிற்கும் வண்டி சாய்ந்து கார்டின் மேல் படுக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 25 செ.மீ. கீழே இறங்குகிறது என்று கொண்டால், வெளிப்படும் ஆற்றல் சுமார் 540 ஜூல். அந்த ஆற்றல் முழுவதையும் கார்டு 2 செ.மீ. வளைந்து உள்வாங்கினால் அதன் மேல் வரும் சராசரி விசை 27 கிலோநியூட்டன், அதாவது இரண்டேமுக்கால் டன் எடைக்குச் சமம். 6 செ.மீ. வளைந்து உள்வாங்கினால் விசை 9 கிலோநியூட்டனாக, ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடைமுறையில் ஹேண்டில்பாரின் முனையும் ஃபுட்ரெஸ்டும் பெட்டியும் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், கணக்கு காட்டும் திசை மாறுவதில்லை. தடித்த குழாயில், கொஞ்சமும் வளையாதபடி செய்த கார்டு தன்னைக் காத்துக்கொண்டு முழு விசையையும் போல்ட்டுகளுக்கும் சட்டத்துக்கும் அனுப்பிவிடுகிறது. மின்சுற்றில் ஃபியூஸ் எரிந்து மோட்டாரைக் காப்பதுபோல, இங்கே குழாய் வளைந்து சட்டத்தைக் காக்க வேண்டும். வளைந்த குழாயை எந்த ஊர்ப் பட்டறையிலும் நிமிர்த்திக்கொள்ளலாம்.

இந்த வண்டியில் இது இன்னும் முக்கியம். இதற்கு முந்தைய மாடலான ஹிமாலயன் 411-இல் என்ஜினைக் கீழே தாங்கிச் சுற்றிவரும் சட்டக் குழாய்கள் இருந்தன. கார்டின் கீழ்ப்பகுதியைப் பிடிக்க எஃகு கிடைத்தது. 450-இல் என்ஜினே சட்டத்தின் ஓர் அங்கமாக நிற்கிறது. கீழே பற்றிக்கொள்வதற்கு என்ஜினின் அலுமினியக் காதுகளை (போல்ட் மாட்டத் துளையோடு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளை) விட்டால் அதிக இடமில்லை. எஃகு வளைந்து எச்சரிக்கும். வார்ப்பு அலுமினியம் எச்சரிக்காமல் உடையும். ஆகவே என் வரைபடத்தில் இடப்பக்கக் கார்டையும் வலப்பக்கக் கார்டையும் என்ஜினுக்கு முன்னால், கீழே, ஒரு குறுக்குக் குழாயால் இணைத்திருக்கிறேன். வண்டி இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கப் பிடிப்புகளும் சுமையில் பங்கு கொள்ளும். எந்த ஒரு காதும் தனியாக மாட்டிக்கொள்ளாது. இந்தக் குறுக்குக் குழாய் இல்லாத கார்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நீ வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

போல்ட்டுகளிலும் கவனம் தேவை. கடைகளில் பார்த்த பல கார்டுகளில் பிடிப்புத் தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே நீண்ட ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் உருளைத் துண்டு) வைத்து, அதற்கேற்ப நீளமான போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். இழுவையில் எம்10 அளவுள்ள (10 மி.மீ. விட்டம்), 8.8 என்ற வலிமைத் தரப் போல்ட் மூன்று டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் 40 மி.மீ. ஸ்பேசரின் நுனியில் பக்கவாட்டு விசை வந்தால் அதே போல்ட் வளையத் தொடங்க அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. எனவே தட்டு சட்டத்தை ஒட்டியே உட்காரும்படி வளைத்து வரைந்திருக்கிறேன். என்ஜின் போல்ட்டை மாற்ற வேண்டிய இடத்தில் அதே தரத்திலோ மேலான தரத்திலோதான் மாற்ற வேண்டும்.

குழாய்க்கு 25.4 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள எஃகைத் தேர்ந்தெடுத்தேன். 22.2 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. தடிமன் போதுமே என்று பட்டறையில் சொன்னார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அது சற்றுக் கூடுதல் எடை. விறைப்போ நான்கில் ஒரு பங்கு குறைவு. பிடிப்புகளுக்கு இடையே நீளம் குறைவாக இருப்பதால் விறைப்பு அதிகமாகிவிடுமோ என்று யோசித்தேன்; வெளிப்புற வளையத்தைப் பிடிப்புகளிலிருந்து தள்ளி வைத்ததில் அது வளைவதற்கு இடம் கிடைத்தது. இரு பக்கமும் சேர்த்து நான்கு மீட்டர் குழாய், தட்டுகளோடு ஐந்தரை கிலோ எடை.

வடிவத்தை முதலில் மின்வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. பைப்பில் மணல் நிரப்பி, சூடாக்கி வளைத்து, வண்டியிலேயே கட்டிப் பார்த்தேன். டயரின் ஓரத்திலிருந்து ஃபுட்ரெஸ்டின் நுனி வழியாக ஒரு நூலை இழுத்து மேலே கட்டினால், வளைவில் சாயும்போது தரை எங்கே வரும் என்பது தெரிந்துவிடும். கார்டு அந்த நூலுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். முன் சஸ்பென்ஷன் 200 மி.மீ. முழுவதும் அமுங்கினாலும் மட்கார்டு குறுக்குக் குழாயில் இடிக்கக் கூடாது. மணலில் காலை ஊன்றி நகரும்போது முழங்காலுக்குக் கீழே கார்டு இடிக்காத அளவுக்கு அது முன்னால் இருக்க வேண்டும்; விழுந்தபின் கணுக்காலை உருவிக்கொள்ள வண்டிக்கும் தரைக்கும் இடையே இடைவெளியும் வேண்டும். கார்டின் தேவை ரேடியேட்டருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு உன் காலுக்கும் உண்டு. எஃகில் செய்தபின் வெளி வளையத்தில் சுண்ணாம்பு தடவி, நண்பர்கள் பிடித்துக்கொள்ள வண்டியைக் கயிறு கட்டி மெதுவாகச் சாய்த்தோம். சுண்ணாம்பு தரையில் பட்ட இடத்தில்தான் மாற்றிக்கொள்ளக்கூடிய நைலான் தேய்மானத் துண்டு பொருத்தினேன். துருத்திக்கொண்டு நிற்கும் முனை எதுவும் இருக்கக் கூடாது. சறுக்கும்போது அது கல்லில் சிக்கி வண்டியைப் புரட்டிவிடும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. ஒற்றைச் சிலிண்டர் வண்டி 4,500 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 75 முறை கார்டை உலுக்குகிறது. குழாயைத் தட்டி, அதன் அதிர்வைக் கைபேசியில் பதிந்து பார்த்ததில், குறுக்குக் குழாய் சேர்த்த பிறகு அதன் இயல்பு அதிர்வெண் (தட்டினால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) அந்த எல்லைக்கு மேலே நன்றாக ஏறிவிட்டது. ஆனாலும் களைப்பு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப அதிர்ந்து உலோகம் விடும் விரிசல், வெல்டிங்கின் ஓரத்தில்தான் தொடங்கும் என்று நீ பலமுறை சொல்லியிருக்கிறாய். 5 மி.மீ. தட்டை 2 மி.மீ. குழாயோடு சேர்க்கும்போது சுற்றி முழுவதும் வெல்டிங் செய்வது நல்லதா, குழாயின் இழுவை அதிகமுள்ள பக்கத்தை விட்டுவிட்டு இரு பக்கமும் மட்டும் செய்வது நல்லதா? தட்டின் நுனியைக் கூராக இழைத்து முடித்திருக்கிறேன். வளைவுகளிலிருந்து வெல்டிங்கைத் தள்ளியே வைத்திருக்கிறேன். மூடிய குழாய்க்குள் காற்று விரிந்து வெல்டிங்கைத் துளைக்காமல் இருக்கவும், பிறகு நீர் வடியவும் கீழ்ப்புறம் 3 மி.மீ. துளை விட்டிருக்கிறேன். டிக் (டங்ஸ்டன் முனையால் செய்யும்) வெல்டிங் செய்யத்தான் எண்ணம். கம்பியைத் தொடர்ந்து ஊட்டிச் செய்யும் மிக் வெல்டிங்கே போதும் என்று நீ கருதினால் காரணத்தோடு எழுது.

வரைபடத்தையும் அளவுகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பதில் வந்ததும் இரண்டாவது சோடியை உனக்காகவே செய்யச் சொல்கிறேன். மாட்டியபின் முதல் 500 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சு (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) வைத்து ஒருமுறை சரிபார். வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்றும் பார். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன் நண்பன்,
கதிரேசன்