தேனீப் பெட்டி ஆய்வும் இழப்பீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனீப் பெட்டிகளை அரசு ஆய்வாளர் வந்து திறந்து பார்ப்பதைத் தேவையற்ற குறுக்கீடாகக் கருதும் வளர்ப்பாளர்கள் பலர் உண்டு. அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருந்தாலும், ஆய்வே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாட்டுக்கு நோய் கண்டால் தனியே கட்டிவைக்கலாம். தேனீயைக் கட்டிவைக்க வழியில்லை. நோயால் நலிந்து காவல் குறைந்த கூட்டின் தேனை, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வலுவான கூட்டத்துத் தேனீக்கள்கூட வந்து கொள்ளையிட்டுச் செல்லும். அந்தத் தேனோடு நோயும் போய்ச் சேரும். அமெரிக்கன் ஃபவுல்புரூட் எனப்படும் புழு அழுகல் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவின் வித்துகள், பழைய பெட்டியிலும் அடையிலும் 30 ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் இருக்கக்கூடியவை. ஆன்டிபயாட்டிக் மருந்து அறிகுறிகளை அடக்குமே தவிர வித்துகளை ஒழிக்காது என்பதால், பல நாடுகளில் நோய்ப்பட்ட கூட்டத்தைப் பெட்டியோடு எரித்துவிடுகிறார்கள்.

புழு அறைகளின் மூடிகள் கறுத்து, உள்வாங்கி, ஆங்காங்கே ஓட்டை விழுந்திருந்தால், பழகிய ஆய்வாளர் ஒரு தீக்குச்சியை அறைக்குள் விட்டு மெல்ல இழுத்துப் பார்ப்பார். அழுகிய புழு பழுப்பு நிற நூலாக நீண்டு வந்தால் சந்தேகம் வலுப்படும். மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். அடைச்சட்டத்தைக் கையிலெடுத்துப் பழகியவரால்தான் இது முடியும். பெட்டிகளை எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் போவதற்கு ஆய்வு என்று பெயரில்லை.

தேனீ அழிந்தால் உலகமே பட்டினி கிடக்கும் என்று சிலர் சொல்வது மிகை. நெல்லுக்கும் கோதுமைக்கும் தேனீ தேவையில்லை. ஆனால் உலகின் முதன்மையான உணவுப் பயிர்களில் ஏறத்தாழ 75 சதவீதம், பூச்சி, பறவை போன்ற உயிரினங்கள் செய்யும் மகரந்தச் சேர்க்கையால் ஓரளவேனும் பயன்பெறுகின்றன. கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் பூக்கும் பருவத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்து லாரிகளில் பெட்டிகள் வந்து குவிகின்றன. எங்கெங்கோ இருந்த கூட்டங்கள் ஒரே தோட்டத்தில் கலக்கும்போது, ஒருவரின் அலட்சியம் எல்லோருடைய இழப்பாகிவிடும். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் கண்காணிப்புக்காக வைத்திருந்த தேனீப் பெட்டிகளில், தேனீக்களைத் தாக்கும் ஒட்டுண்ணியான வரோவா உண்ணி கண்டறியப்பட்டது. ஆயிரக்கணக்கான கூட்டங்களை அழித்தும் பரவல் நிற்காததால், அதை அடியோடு ஒழிக்கும் முயற்சி 2023 செப்டம்பரில் கைவிடப்பட்டது.

ஆகவே என் கோரிக்கை இழப்பீடு பற்றியது. நோயைத் தானே முன்வந்து தெரிவித்தவரின் பெட்டிகளை எரித்துவிட்டு வெறுங்கையோடு அவரை விட்டுச் சென்றால், அடுத்தவர் நோயை மறைப்பார், அல்லது பெட்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அழிக்கப்படும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெட்டிக்கும் சந்தை விலை தர வேண்டும். அந்தச் செலவை வளர்ப்பாளர் தலையில் மட்டும் கட்டாமல், மகரந்தச் சேர்க்கையால் பயனடையும் வேளாண் துறையின் நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும். இன்னொன்று: ஒரு பண்ணையில் பெட்டியைத் திறக்கப் பயன்படுத்திய உளியையும் கையுறையையும் சுத்தம் செய்யாமல் ஆய்வாளர் அடுத்த பண்ணைக்குள் நுழையக் கூடாது என்பதும் விதியில் எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பாளர் ஒருவர்