எல்லா ஹாம்களின் பெயரிலும் பேசுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவன் நான்; எங்களை ஹாம்கள் என்பார்கள். எங்கள் எல்லோரின் பெயரிலும் அரசிடம் கருத்துச் சொல்லும் தேசியச் சங்கம், அதற்கு முன் எல்லோரையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காலையில் 40 மீட்டர் அலைவரிசையில் நாங்கள் கூடிப் பேசும் நெட்டில் ஓயாத வாதம் ஒன்று: உயர்நிலை உரிமமான ஜெனரல் கிரேடு தேர்வுக்கு, புள்ளி-கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் வேண்டுமா, வேண்டாமா? 2003-ல் ஜெனீவா உலக வானொலி மாநாடு மோர்ஸ் கட்டாயத்தை நீக்கி, முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. எனக்கு மோர்ஸ் உயிர். இரைச்சலில் பேச்சு முழுகிப்போகும் இரவிலும் கீயைத் தட்டினால் பதில் வரும். ஆனால் தொடக்கநிலை உரிமத்துக்கான வியு3 அழைப்புக்குறி வாங்கி, மொட்டை மாடியில் டைபோல் ஆன்டெனா கட்டிவிட்டு ஆர்வமாகச் செக்-இன் செய்யும் பிள்ளைகளின் எண்ணம் வேறு. அதை இதுவரை யாரும் கேட்டு எழுதிக்கொண்டதாக அவர்கள் சொல்லவில்லை.

தேசியச் சங்கம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2019-ல் 144–146 மெகாஹெர்ட்ஸை விமானச் சேவைக்கும் பரிசீலிக்கலாம் என்று பிரான்ஸ் முன்மொழிந்தபோது, ஐரோப்பியச் சங்கங்கள் திரண்டிராவிட்டால் ஹாம்களின் அந்த 2 மீட்டர் அலைவரிசையின் கதி என்ன ஆகியிருக்கும்? சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் உறுப்பினராக ஏற்கிறது. வேறு வாசல் இல்லை என்பதால்தான் அந்த ஒரு சங்கத்தின் பொறுப்பு கூடுகிறது.

அமெரிக்காவில் உரிமம் பெற்றவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். அந்நாட்டின் தேசியச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.-இல் இருப்பவர்கள் அதில் கால்வாசிகூட இல்லை. அதே சங்கம்தான் 1963-ல், மேல்நிலைத் தேர்வு எழுதாதவர்களின் அலைவரிசைச் சலுகையைக் குறைக்கும்படி அரசிடம் மனு கொடுத்தது. அரசும் 1967-ல் ஏற்றது. கையில் இருந்த அலைவரிசையை இழந்தவர்களின் கசப்பு பல ஆண்டுகள் தீரவில்லை.

"சேராதவனுக்கு என்ன பேச்சு?" என்பார்கள். சந்தா கட்டாவிட்டாலும் அவனும் தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்கினான். விதி மாறினால் அது அவனையும்தான் கட்டுப்படுத்துகிறது.

எனவே அரசுக்கு எந்தக் கருத்தை அனுப்பினாலும், அதன் வரைவை உரிமம் உள்ள எல்லோரும் படிக்கும்படி முன்கூட்டியே வெளியிட வேண்டும். உறுப்பினர் எத்தனை பேர், வெளியார் எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் என்ற கணக்கையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். தொலைத்தொடர்புத் துறையும் சங்கத்தின் கடிதத்தோடு நின்றுவிடக் கூடாது. உரிமம் கொடுப்பதே அந்தத் துறைதான். ஒவ்வொருவரின் முகவரியும் அவர்களிடம் இருக்கிறது, நேராகவே கேட்கலாம்.

இப்படிக்கு,
வானொலி ஆர்வலர், தென்காசி