மகளுக்கு: ஊதியப் பட்டியலில் விடுபட்ட பத்தி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் தலைமை அதிகாரியின் சம்பளத்தை முடிவுசெய்யும் ஊதியக் குழுவுக்கான அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாக நீ சொன்னபோது, அம்மா அதைத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு நீ அழைப்பது குறைந்துவிட்டது. உங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடக்கிறது என்பதையும், தலைமைச் செயல் அதிகாரியின் ஊதிய உயர்வுக்குப் பங்குதாரர்களின் ஒப்புதல் கேட்கப்பட்டிருக்கிறது என்பதையும் நாளிதழில் அடுத்தடுத்துப் படித்தேன். அதைப் பற்றி உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. இந்த விஷயத்தில் பொதுவாக எனக்குத் தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன்.

சம்பளப் பிரிவில் இருந்தவன் ஆகையால், மேலிருந்து கீழ்வரை எல்லோருடைய சம்பளத்தையும் ஒரே பட்டியலில் பார்த்துப் பழகியவன் நான். முதல் வரியில் பொது மேலாளரின் பெயரும், கடைசி வரியில் துப்புரவுப் பணியாளரின் பெயரும் இருக்கும். பிடித்தம் போக நிகரத் தொகை வலது ஓரத்தில் இருக்கும். கூட்டிச் சரிபார்க்கும்போது இரண்டும் கண்ணில் படாமல் போகாது. நீ தயாரிக்கும் பட்டியல் வேறு வகை என்பதை உன் விளக்கத்திலிருந்து புரிந்துகொண்டேன். அதில் தலைமை அதிகாரி ஒருவர், அதே அளவுள்ள பிற நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறார். தங்கள் தலைவர் சராசரிக்கும் கீழானவர் என்று ஒப்புக்கொள்ள எந்தக் குழுவும் விரும்பாது. ஆகவே நடு அளவுக்குச் சற்று மேலே தொகையை நிர்ணயிக்கிறார்கள். எல்லோரும் அப்படியே செய்வதால் மறு ஆண்டு அந்த நடு அளவே உயர்ந்துவிடுகிறது. யாரும் பேராசைப்படாமலேயே தொகை ஏறிக்கொண்டு போவதற்கு இந்த ஒரு வழக்கமே போதும்.

அது எவ்வளவு ஏறியது என்பதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். அமெரிக்காவின் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பு பெரு நிறுவனங்களை வைத்துப் போட்ட கணக்கின்படி, 1965இல் சாதாரணத் தொழிலாளியின் ஊதியத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு பெற்ற தலைமை அதிகாரி, 2023இல் 290 மடங்கு பெற்றார். இதில் பெரும்பகுதி பங்குகளாகவும் பங்கு விருப்புரிமைகளாகவும் (முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) வருகிறது. இதற்குக் கடிவாளம் போடப்போய் எதிர்மாறாக நேர்ந்ததும் உண்டு: 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சம்பளத்தைச் செலவாகக் காட்டி வரி குறைக்கக் கூடாது என்று 1993இல் அங்கே சட்டம் கொண்டுவந்தவர்கள், செயல்திறனுக்கு ஏற்பத் தரும் ஊதியத்துக்கு விலக்கு அளித்தார்கள்; பணம் அந்த வழியாகப் பாய்ந்தது.

நிறுவனங்கள் பெருத்துவிட்டதால் தலைமையின் மதிப்பும் கூடிவிட்டது என்று நீ வாதிடுவாய். அது வலுவான வாதம்தான். 1980க்கும் 2003க்கும் இடையில் அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் சந்தை மதிப்பும் தலைமை அதிகாரிகளின் ஊதியமும் ஒருசேர ஆறு மடங்கு உயர்ந்தன என்று காபே, லாண்டியே என்ற இரு பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மரியான் பெர்த்ரானும் செந்தில் முல்லைநாதனும் 2001இல் வெளியிட்ட ஆய்வையும் நீ மறக்கக் கூடாது. கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் ஏறினால், அந்த ஏற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத எண்ணெய் நிறுவனத் தலைவரின் ஊதியமும் ஏறுகிறது என்பதே அவர்கள் கண்டது. அதிர்ஷ்டத்துக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்றால், அந்த நிறுவனத்தில் குழாய் பொருத்துகிறவருக்கும் அதில் பங்கு வர வேண்டும் அல்லவா? சித்தப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் நடந்ததை நான் உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆண்டுகளின் லாபம் யாருக்குப் போனது, கெட்ட ஆண்டின் நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதை நீ பக்கத்திலிருந்து பார்த்தவள்.

உச்சவரம்பு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் மிக உயர்ந்த ஊதியம் மிகக் குறைந்த ஊதியத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டக் கூடாது என்ற யோசனையை 2013இல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரித்தார்கள். வரம்பு எது என்பதில் நியாயமானவர்களே வேறுபடுவார்கள். ஊழியர்களையெல்லாம் ஊதிய வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பதில் வேறுபட என்ன இருக்கிறது?

தலைமையின் ஊதியம் அந்த நடு ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதம் ஏற்கெனவே வெளியிடப்படுகிறது என்பாய். உண்மைதான்; இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 197ஆம் பிரிவு பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது; அமெரிக்க நிறுவனங்கள் 2018 முதல் வெளியிடுகின்றன. ஆனால் அது எப்போது வருகிறது என்று யோசித்துப் பார். எல்லாம் முடிவான பிறகு, ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில், ஒரு பங்குதாரரும் புரட்டாத பக்கத்தில் வருகிறது. முடிவெடுக்கும் நாளில், குழுவின் மேசைமீது, முதல் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும். பிற நிறுவனத் தலைவர்களின் ஊதியத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் நடு ஊழியரின் ஊதியத்துக்கும் ஒரு பத்தி (நெடுவரிசை) போடு. ஆட்குறைப்பால் மிச்சமாகும் தொகை எவ்வளவு, கோரப்படும் உயர்வு எவ்வளவு என்பதையும் அதன் கீழே எழுது. அவ்வளவுதான் நான் கேட்பது.

நீ சாதாரண ஊழியர்தானே, உன்னால் என்ன முடியும் என்று யாராவது சொல்லலாம். அந்த அறிக்கையில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது இன்று உன் கையில் இருக்கிறது. அந்த இடத்துக்கு நீ உன் உழைப்பால் வந்தாய். அதனால்தான் அந்தப் பத்தி இல்லாமல் உன் கையெழுத்து அதில் இருந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறேன். சேர்த்த பிறகு குழு அதை நீக்கினால் அது அவர்கள் பொறுப்பு. நீயாக விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை அழை. அலுவலக விஷயம் பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், அம்மாவிடமாவது பேசு. குழு கூடுவதற்கு முன் அந்தப் பத்தியைச் சேர்த்துவிடு.

அன்புடன்,
அப்பா