கூடம் கோணல்தான், அளந்து பார்த்துவிட்டேன்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: எல்லாப் பவரிலும் சரியாக இருக்கும் என்று எழுதிக்கொடுத்து விற்ற 1–6 பவர் (1 முதல் 6 மடங்கு பெரிதாக்கும்) ரைஃபிள் ஸ்கோப்பின் ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) தொடர்பாக, நான்காவது முறை.

ஐயா / அம்மா,

நேற்று இரவு 11 மணிக்கு உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாம், எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டிருந்தீர்கள். தீர்த்தது யார், எப்போது, எப்படி என்று எனக்கும் சொன்னால் நன்றாக இருக்கும். ஸ்கோப் என் மேசை மேல்தான் கிடக்கிறது, ரைஃபிளில்கூட இல்லை. பில், சீரியல் எண், கடிதப் போக்குவரத்து, படங்கள் எல்லாம் மறுபடி இணைத்திருக்கிறேன். இதற்கு முன் மூன்று முறை இணைத்த அதே கோப்புகள்தான்.

என்ன மாடல் என்று விளக்கத் தேவையில்லை என நினைக்கிறேன். நீங்கள் செய்த பொருள், உங்களுக்குத் தெரியாததா? லாடம் போல ஒரு வளைவு, நடுவில் சிவப்புப் புள்ளி, அதற்குக் கீழே 2, 3, 4, 5 என்று தூரத்தை நூறுகளில் சொல்லும் எண் போட்ட கோடுகள். அதே ஸ்கோப்பை இன்னொரு ரெட்டிகிளோடும் விற்கிறீர்கள். கீழே போகப் போக அகன்று மரம் போல விரியும் மில் (கோண அளவு) குறிகள் கொண்டது. இரண்டில் எதை வாங்குவது என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஏன் அவ்வளவு யோசனை என்று உங்கள் ஆட்களில் ஒருவர் சிரித்தார். மல்டிகன் போட்டியில் ஒரே ஸ்டேஜில் ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் எடுக்க வேண்டியிருக்கும். ரைஃபிளோடு ஓடும்போது 7 மீட்டரில் ஒரு காகித இலக்கு, இன்னும் நாலு எட்டு வைத்தால் 300 மீட்டரில் இரும்புத் தட்டு. நான் சுடும் பிரிவில் ரைஃபிளுக்குக் குறிபார்க்க ஒரே ஒரு ஆப்டிக்தான் அனுமதி. ஓப்பன் பிரிவாக இருந்தால் பக்கத்தில் 45 பாகை சாய்த்து ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளி மட்டும் காட்டும் சிறு ஆப்டிக்) மாட்டிக்கொண்டு, கிட்டத்தில் அது, தூரத்தில் ஸ்கோப் என்று பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு வேலையையும் இந்த ஒரு ரெட்டிகிளே செய்தாக வேண்டும். 1 பவரில் இரண்டு கண்ணும் திறந்திருக்க, புள்ளி மட்டும் பளிச்சென்று கண்ணில் பட வேண்டும். தூரத்துத் தட்டுக்கு எவ்வளவு மேலே பிடிப்பது என்று மனக்கணக்குப் போடாமல் ஒரு கோடு இருக்க வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மரத்தில் எத்தனையாவது கிளை என்று எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால்தான் எண் போட்ட கோடுகள் பக்கம் சாய்ந்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. ஸ்கோப்புக்குள் ரெட்டிகிளை வைக்கும் இடம் இரண்டு. முதல் ஃபோக்கல் பிளேனில் இருந்தால் பவரைக் கூட்டும்போது இலக்கோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும். அதனால் கோட்டின் கணக்கு எந்தப் பவரிலும் மாறாது. இரண்டாவது பிளேனில் இருந்தால் கோடுகள் கண்ணுக்கு ஒரே அளவாகவே நிற்கும், இலக்கு மட்டும் பெரிதாகும். அப்போது கோட்டின் கணக்கு ஒரே ஒரு பவரில்தான், பெரும்பாலும் உச்சப் பவரில்தான், சரியாக இருக்கும். உங்கள் விவரப் பக்கத்தில் இது எந்தப் பிளேன் என்று எங்கேயும் இல்லை. அதனால் எழுதிக் கேட்டேன். உங்கள் விற்பனைப் பிரிவின் பதில் இதோ, ஒரு எழுத்தும் மாற்றவில்லை: “ஆம் சார், கோடுகள் எல்லாப் பவரிலும் சரியாக இருக்கும்.” இந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன்.

வந்தது இரண்டாவது பிளேன்.

இரண்டாவது பிளேன் மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் ஆள் ஒருவர் நான் அப்படிச் சொன்னதாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாராம். 1 பவரில் ரெட்டிகிள் மெலிந்து முடியிழையாகிவிடாது, லாடம் கனமாகத் தெரியும் என்பதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். தெரிந்து வாங்குகிறார்கள். தூரத்துக்குப் போகும்போது மறக்காமல் 6-க்குத் திருப்புகிறார்கள். எனக்கும் அதைச் சொல்லியிருந்தால் அப்படியே பழகியிருப்பேன், அல்லது மரத்தையே வாங்கியிருப்பேன்.

போட்டியன்று நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது ஸ்டேஜ். கிட்டத்தில் காகிதம் முடித்து, பலகைத் தடுப்பின் இடுக்கு வழியாக முழங்காலிட்டு 300 மீட்டரில் மூன்று தட்டு. ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. 6-ல் வைத்தால் என் ஆட்டமெல்லாம் பெரிதாகத் தெரியும், பார்வை வட்டமும் சுருங்கும். அதனால் 3-லேயே விட்டேன். எல்லாப் பவரிலும் சரியாக இருக்கும் என்றுதானே எழுதியிருந்தீர்கள்? 3 என்ற கோட்டைத் தட்டின் நடுவில் வைத்துச் சுட்டேன். மணிச்சத்தம் இல்லை. மறுபடி சுட்டேன். இல்லை. பின்னால் உள்ள மண்மேடு புல் மூடிக் கிடந்ததால் குண்டு எங்கே போகிறது என்று புழுதிகூடத் தெரியவில்லை. தாழ்வாகத்தான் போகிறது போல என்று நினைத்து 4 என்ற கோட்டுக்கு இறங்கினேன். கீழ்க்கோட்டை இலக்கில் வைத்தால் குழல் மேலே தூக்கும். அதாவது ஏற்கெனவே தட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்த குண்டை இன்னும் மேலே அனுப்பினேன். பதினொரு தோட்டா, ஒரு தட்டும் விழவில்லை. விழாத ஒவ்வொரு தட்டுக்கும் தண்டனை நொடிகள் என் நேரத்தில் ஏறின. என் அணியில் இருந்தவர்கள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைவிட அவர்கள் சிரித்திருக்கலாம்.

பவரைத் திருப்பும்போது ரெட்டிகிள் பெரிதாகவில்லை என்று கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, என் பக்கத் தவறை ஒப்புக்கொள்கிறேன். பார்சலை நீங்கள் 19 நாள் தாமதமாக, போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பினீர்கள். மாட்டி, 100 மீட்டரில் ஜீரோ செய்து (புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி திருத்தி), 300-ல் சில தோட்டா சுட்டுப் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. எல்லாம் 6-ல்தான். 6-ல் உங்கள் கோடு சரியாகவே இருந்தது, தட்டு ‘டங்’ என்றது. அந்த ‘டங்’கை நம்பித்தான் போனேன்.

அப்புறம் உங்கள் சேவை எண். முதலாமவர் சீரியல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு லைனைத் துண்டித்தார். இரண்டாமவர் கையேட்டில் எல்லாம் இருக்கிறது, படியுங்கள் என்றார். படித்தேன். பெட்டிக்குள் நீங்கள் வைத்திருப்பது 1–8 பவர் மாடலின் கையேடு. மூன்றாமவர்தான் நான் வாழ்நாளில் மறக்க முடியாதவர். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார், சந்தோஷப்பட்டேன். கடைசியில் “எத்தனை வருஷமா சுடுறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு ஒரு பழமொழி இருக்கு சார். இலக்கைப் பார்த்துச் சுடுங்க, கோட்டைப் பார்க்காதீங்க” என்றார்.

அந்தப் பழமொழி எனக்கும் தெரியும். ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள்? அளந்து பார்த்தேன். உங்கள் நிறுவனத்தில் ஒருவருமே செய்யாத வேலை அது. ஒரு பலகையில் 5 சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்து 100 மீட்டரில் நட்டேன். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் என்றால் 1 மில், இது பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு. ஸ்கோப்பை அசையாமல் பிடிக்கட்டையில் வைத்துப் பார்த்தேன். 6 பவரில் புள்ளியிலிருந்து 3 என்ற கோடு வரை 15 சென்டிமீட்டர், அதாவது 1.5 மில். 4 பவரில் 22-ஐத் தாண்டியது. 3 பவரில் 30 சென்டிமீட்டர். பவர் பாதியானால் கோட்டின் கணக்கு இரட்டிப்பாகிறது. 300 மீட்டரில் 1 மில் என்பது 30 சென்டிமீட்டர். அதனால் 45 சென்டிமீட்டர் மேலே பிடிக்க வேண்டிய இடத்தில் நான் 90 பிடித்திருக்கிறேன். தட்டின் அகலமே 30 சென்டிமீட்டர்தான். பழமொழி சொன்னவர் இந்தப் படங்களைத் தயவுசெய்து பார்க்கட்டும். உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதைவிடக் கொடுமை சர்வீஸ் மையத்துக்குப் போன கதை. ஸ்கோப்பை நேரில் கொண்டுவாருங்கள், ஆயுதம் உள்ளே அனுமதி இல்லை, ஸ்கோப் மட்டும் போதும் என்றார்கள் போனில். சரி என்று கழற்றினேன். கழற்றினால் ஜீரோவை நம்ப முடியாது, மறுபடி செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாததா? ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். அங்கே இருந்தவர் ஸ்கோப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, உள்ளே பார்த்து, “கோடெல்லாம் தெளிவாத்தானே தெரியுது” என்றார். பவர் மாறினால் அளவு மாறுகிறது என்றேன். “துப்பாக்கியில மாட்டாம எப்படி சார் செக் பண்றது?” என்றார். வரச் சொன்னவர்களும் நீங்கள்தான், கழற்றச் சொன்னவர்களும் நீங்கள்தான். கண்ணாடியைத் துணியால் துடைத்து, ஒரு ரசீதில் ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையில் கொடுத்தார். திரும்பி வர இன்னும் ஐந்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

இதோடு விட்டேனா? கோடுகள் எந்தத் தோட்டாவுக்குக் கணக்கிட்டவை என்று வாங்கும் முன்பே கேட்டிருந்தேன். எல்லாத் தோட்டாவுக்கும் பொருந்தும் என்று ஒரு பதில். 55 கிரெய்ன் எடைக் குண்டும் 77 கிரெய்ன் குண்டும் ஒரே பாதையில் விழுமா? குழல் நீளம் மாறினால் வேகம் மாறாதா? அந்த 4 என்பது 400 மீட்டரா, 400 கெஜமா? 400 கெஜம் என்றால் 366 மீட்டர்தான். இவை வம்புக் கேள்விகள் அல்ல. எண் போட்ட கோடு என்று விற்றால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மில் ரெட்டிகிள் வாங்கியவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் தன் தோட்டாவுக்குத் தானே சுட்டுப் பார்த்து, 300-க்கு இவ்வளவு, 400-க்கு இவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி ரைஃபிளின் ஸ்டாக்கில் (பின்கட்டையில்) ஒட்டிக்கொள்வார். இரண்டு மாதம் யோசித்துத் தப்பானதைத் தேர்ந்தெடுத்த முட்டாள் நான்தான்.

புள்ளியின் வெளிச்சத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. ‘பட்டப்பகலிலும் பளிச்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறது. உச்சி வெயிலில் கடைசிப் படியில் வைத்தும் தேட வேண்டியிருந்தது. பேட்டரி புதியது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. மன்னிக்கவும். உங்கள் பழைய ஸ்கோப் ஒன்றை ஆறு வருடம் வைத்திருந்தேன், ஒரு குறை கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் மறுபடி உங்களிடம் வந்தேன். ஆனால் இந்த சீசன் எனக்குப் போய்விட்டது. இத்தனை வருடம் சேர்த்த பெயர் ஒரே காலையில் போய்விட்டது. காரணம் கண்டுபிடிக்க மட்டும் 400 தோட்டாவுக்கு மேல் எரித்திருக்கிறேன். தூக்கம் போனதற்குக் கணக்கே இல்லை. வீட்டில் ஸ்கோப் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்று தடையே வந்துவிட்டது.

நான் கேட்பது இதுதான். இந்த ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு, முதல் ஃபோக்கல் பிளேனில் மில் ரெட்டிகிள் உள்ள ஒன்றைத் தாருங்கள். டரட்டும் (குறியைத் திருத்தும் திருகும்) மில்லிலேயே இருக்கட்டும். ரெட்டிகிள் மில்லில், டரட் எம்.ஓ.ஏ. என்ற இன்னொரு கோண அளவில் என்று கலந்து அனுப்பிவிடாதீர்கள், 1 மில்லுக்கு 3.438 எம்.ஓ.ஏ. என்று பெருக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும், கூரியர் செலவு உட்பட. அத்தோடு விவரப் பக்கத்தில் எந்தப் பிளேன், எந்தத் தோட்டா, எந்தத் தூர அளவு என்று மூன்று வரி சேருங்கள். அதற்கு உங்களுக்குச் செலவே இல்லை.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பொறுப்பான ஒருவரின் பதில் வராவிட்டால், “எல்லாப் பவரிலும் சரியாக இருக்கும்” என்ற உங்கள் வரியையும் ‘குறை இல்லை’ ரசீதையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். வக்கீலிடம் பேசியாகிவிட்டது. அவருக்கு ஃபோக்கல் பிளேன் என்றால் என்னவென்று பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

பெட்டி, மூடிகள், சாவி, அந்த 1–8 கையேடு எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள். நான் வண்டி எடுத்துக்கொண்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: போனில் கூப்பிடுவதாக இருந்தால் மாலை 6-க்கு மேல் கூப்பிடுங்கள். பழமொழி சொன்னவர் மட்டும் கூப்பிட வேண்டாம்.