அம்மா குரல் கேட்டாயே, அது விஷயமாக

கண்ணு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் "இருக்கேன்ப்பா" என்பாய், அதனால் கேட்கவில்லை. ராத்திரி நேரத்துக்குத் தூங்கு. மருமகள் உன்னைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, ரெண்டு மணிக்கும் ஹாலில் பேச்சுக்குரல் கேட்குது மாமா என்றாள், அவ்வளவுதான். ஆபீஸ் போனாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

பாலக்கோடு மண்டியில் தக்காளி விழுந்துவிட்டது. பறிகூலிக்கே கட்டாது, செடியிலேயே விட்டுவிட்டேன்.

போய்ச் சேர்ந்த அம்மாவைப் போலவே பேசும் மெஷின் செய்ய, அவளுடைய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லி நீ கேட்டு ஒரு மாசம் ஆகிறது. அனுப்பத் தெரியாமல் இல்லை. மொத்தம் 11 இருக்கிறது, அதில் 9 சிலிண்டர், மாத்திரை, மோட்டார் நிறுத்தினீங்களா. 2022-ல் அமேசான்காரர்கள் அலெக்ஸாவைப் பாட்டி குரலில் கதை படிக்க வைத்துக் காட்டினார்கள், ஒரு நிமிஷப் பதிவுகூட வேண்டாம் என்றார்கள் என்று நீதான் சொன்னாய். குரலுக்குப் போதும் சரி. கோபம் வந்தால் மூன்று நாள் வாய் திறக்காமல் தட்டை மட்டும் நகர்த்தி வைப்பாளே, அதன் பதிவுக்கு எங்கே போவாய்?

உன் படிப்பைக் குறை சொல்லவில்லை. ஊரில் எல்லோரிடமும் உன் வேலையைப் பற்றிச் சொல்லித்தான் திரிகிறேன், பாதி புரியாவிட்டாலும். ஆனால் கொல்லைமேட்டு வேடியப்பனை நினைத்துப் பார். மாடு மீட்கப் போய்ச் செத்த எவனோ ஒருவனுக்கு நட்ட கல் அது, வட்டெழுத்தில் அவன் பேரும் இருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. நாம் பொங்கல் வைக்கிறோம், சாமி என்கிறோம், கெடா வெட்டுகிறோம். கல் அப்படியே நிற்கிறது, அந்த ஆள்தான் இல்லை.

அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க நீ எழுதியதைப் படித்தேன். நன்றாகத் தூங்கிவிட்டு இதைப் படி. முதல் பக்கத்திலேயே, 2011-ல் நீ கிளம்பிய அன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அம்மா உன் தலையைத் தடவி "போய்ட்டு வா சாமி" என்றாள் என்று எழுதியிருக்கிறாய்.

அவள் வரவில்லை கண்ணு. வராதே என்றது நான். அழுது சகுனத்தைக் கெடுப்பாய் என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். நீ போய் இறங்கி போன் செய்து, அம்மா ஏன் வரலை என்று கேட்டபோது, பின்னாலேயே ஆட்டோவில் வந்து தூரத்தில் நின்று பார்த்தாள் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நினைக்க நினைக்க நினைவு இளகி மறுபடி புதிதாக இறுகும், 2000-லேயே எலிகளை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நீ சொன்னாயே, அது இதுதான். தூரத்தில் நின்றவள் வருஷா வருஷம் கிட்ட வந்து, கடைசியில் உன் தலையைத் தொட்டுவிட்டாள். நீ சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் அவளும் பக்கத்தில்தான் இருந்தாள், ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை. என்னைத்தான் பார்ப்பாள்.

11-ஐயும் இன்றைக்கு அனுப்பிவிடுகிறேன். எழுதியதில் அந்த இடத்தை மட்டும் மாற்றிவிடு. அன்றைக்கு நான் வீடு திரும்பியபோது அடுப்பில் கேழ்வரகு மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள், "ஜன்னல் சீட்டு கிடைச்சுதா அவனுக்கு?"

கிடைத்தது என்றேன். நான் பார்க்கவே இல்லை.

அப்பா