வார்டோவில் ஒரு மணித்தியாலம்

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் நான் நோர்வேயில் நிற்கும்போது வந்திருக்கிறது. முழங்கால் நோ குறைந்தது பெரிய நிம்மதி. பேரனின் விசயத்தை நேரே வந்து கதைக்கிறேன்.

தம்பி வீட்டில், ஒஸ்லோவில், மூன்று கிழமை சும்மா இருப்பேன் என்றுதான் போனேன். அவன் நோர்வேக் கரையோரமாகப் பேர்கனில் இருந்து வடக்கே சிர்க்கெனெஸ் வரை போய்த் திரும்புகிற கப்பலில் எல்லோருக்கும் இடம் எடுத்து வைத்திருந்தான். 12 நாள், 34 துறைமுகம். 1893 இல் தொடங்கிய பாதையாம். ஆட்டமும் பாட்டும் உள்ள கப்பல் என்று நினைக்காதே. சாமான் ஏற்றி இறக்கும், ஊர்ச்சனம் ஒரு துறையில் ஏறி அடுத்த துறையில் இறங்கும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்த காட்சிதான், கப்பல் மட்டும் பெரிது.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியபின் சூரியன் மறையவே இல்லை. இரவு 12 மணிக்கும் கடலுக்கு மேலே நிற்கிறது. விளக்கு வைக்கிற நேரம் எது என்று பிடிபடாமல், மணிக்கூட்டைப் பார்த்து ஆறு மணிக்குத் தேவாரம் பாடினேன். மருமகளும், தம்பியின் மகள்தான், பக்கத்தில் வந்து இருந்தாள்.

லொஃபோத்தன் தீவுகளில் கொட் மீனை உப்பே போடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். மாசியில் கட்டினால் வைகாசிக்குள் குளிர்காற்றே காயவைத்துவிடும். அந்த மணம் வந்ததும் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான்.

அவன் 1987 இல் போய் எழுதிய கடிதங்கள் நினைவிருக்கிறதா? ஆசிரியர் அறையில் உனக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். 'வேலை சுகம். குளிர் பழகிவிட்டது.' ஒவ்வொன்றிலும் இதே இரண்டு வசனம். இவன் எதையோ மறைக்கிறான் என்று நீ அப்போதே சொன்னாய். நான்தான் நம்பவில்லை.

திரும்பி வரும்போது ஒரு பின்னேரம் வார்டோவில் கப்பல் ஒரு மணித்தியாலம் போல நின்றது. நோர்வேயின் கிழக்குக் கோடியில் உள்ள சின்னத் தீவு, ஒரு மரம் காண்பது அரிது. அந்தக் காலத்தில் இந்த வடகோடி ஃபின்மார்க் மாவட்டத்து மீன் தொழிற்சாலைகளில் எங்கள் பெடியன்கள் நிறையப் பேர் நின்றார்கள். பிறகு பெரும்பாலானோர் ஒஸ்லோப் பக்கம் வந்துவிட்டார்கள். தம்பி வேலை செய்த கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால் நின்றுதான் வாய் திறந்தான். நாள் முழுக்க நின்றபடி மீன் வெட்டுவது, ஈரக் கையுறைக்குள் விரல் மரத்துப்போவது, கார்த்திகை முடிவில் போன சூரியன் தை நடுப்பகுதி வரை வராமல் இருப்பது.

சூரியன் முழு வட்டமாகத் தெரிகிற நாளில், சனவரி 20 அளவில், அங்குள்ள கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. இவனுக்கு அது தெரியாது. முதல் வருசம் தொழிற்சாலை முற்றத்தில் நின்றவன் சத்தம் கேட்டதும் பனியில் குப்புற விழுந்து படுத்துவிட்டானாம். பக்கத்தில் மீன் வெட்டுகிற நோர்வேக் கிழவி ஓடிவந்து தூக்கி, முகத்தில் இருந்த பனியைத் துடைத்து, சூரியன் பக்கம் திருப்பிக் காட்டினாளாம். இதைச் சொல்லும்போது மருமகள் அவன் கையைப் பிடித்தபடி நின்றாள். அவளும் அன்றுதான் முதல்முறை கேட்கிறாள். 30 வருசத்துக்கு மேல் இதை அவன் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும்தான். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அடுத்த நாள் ஹம்மர்ஃபெஸ்ட். 1944 இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்த ஊரை முழுக்க எரித்துவிட்டது. மயானத்துச் சிற்றாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. எரிந்த வீடுகளுக்குத் திரும்பி வந்த சனத்தின் படங்களை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1996 இல் நானும் நீயும் இடம்பெயர்ந்திருந்த சாவகச்சேரியில் இருந்து திரும்பி வந்து கூரையில்லாத வீட்டுக்குள் நின்றோமே, அதே முகங்கள்.

சரி, உனக்கு ஒரு காய்ந்த கொட் கொண்டுவந்திருக்கிறேன். விறகுக் கட்டை மாதிரி இருக்கும், நாட்கணக்கில் ஊறவைக்க வேண்டும். வருமுன் சொல்லிவிட்டு வா.

அப்புறம் ஒன்று. தம்பியின் கடிதங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. முத்திரைக்காக உன் மகன் உறையோடு வாங்கிப் போவானே, அவனுடைய அல்பம் தப்பியது என்று சொன்ன ஞாபகம். உள்ளே ஒன்றிரண்டு கிடக்கிறதா என்று தேடிப் பார். மருமகள் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய வகுப்பறைத் தோழி